வண்டு போகிற நேரம்

மடத்து வாசலில் சலவைக்கல் பதிக்கப் போகிறார்களாம். தானம் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் வெட்டி, கூடவே ஒவ்வொரு கட்டடத்தின் வரலாற்றையும் போடுவார்கள். மாவு மில்லுக்கு மூன்று வரி ஒதுக்கியிருக்கிறார்கள். புத்த பிக்குவை நாங்கள் பொங்கி என்போம். இப்போதைய பெரிய பொங்கி என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர். அவர்தான் ஆளனுப்பிக் கேட்டார்: மில்லை யார் கொடுத்தது, யார் ஓட்டியது, என்னென்ன அரைத்தது, சுருக்கமாக எழுதிக் கொடுங்கள் என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் ஓட ஆரம்பித்த மில். மூன்று வரியில் முடிக்க நான் என்ன தந்தியா அடிக்கிறேன்?

இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்லில் இடம் போதாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

மில் இருப்பது ரங்கூன் தாமுவேயில், மார்க்கெட்டுக்குப் பின்னால், மடத்து மதிலை ஒட்டி. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் வெயில் படுகிற மாதிரி ஒரு முற்றம், ஓரத்தில் ஒரு மாமரம். பக்கத்திலேயே மடத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற சத்தமும் மில் ஓடுகிற சத்தமும் ஒன்றுக்கொன்று விட்டுக் கொடுக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால்தான் தெருவில் போகிறவர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே ரங்கூனில் லத்தா வட்டாரத்தில் கடை வைத்திருந்த ஓர் அரிசி வியாபாரி, மடத்துக்கு ஒரு மணி செய்து கொடுக்க நினைத்தாராம். மடத்தில் ஏற்கெனவே மூன்று மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால் தன் கடையில் இருந்த அரவை மில்லையே டீசல் என்ஜினோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஊர்க்காரர்கள் வந்து அரைத்தால் வருகிற கூலியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு போடலாம் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்போதிருந்த பெரிய பொங்கி மில்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தானியத்தில் வண்டு இருக்குமே, அது என்ன ஆகும்?"

எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று தினமும் ஓதுகிற இடத்தில் வண்டை அரவைக் கல்லுக்குக் கொடுக்க முடியுமா? கொடுத்ததைத் திருப்பி அனுப்பவும் முடியாது. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். அதற்கடியில் மடத்துக் கோழிகள் முட்டையிட்டதுதான் அந்த மில்லின் முதல் உற்பத்தி.

என் அப்பா அப்போது ரயில்வேயில் பிட்டர். மடத்துக் கைப்பம்பில் தண்ணீர் வரவில்லை என்று யாரோ கூப்பிட்டதால் ஸ்பானரோடு போனவர், போன வேலையை முடித்துவிட்டு வந்திருக்கலாம். இயந்திரம் எதையாவது மூடிவைத்திருந்தால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு பெரிய பொங்கியின் முன்னால் மண்டியிட்டு, தன் தமிழ் வாடை அடிக்கும் பர்மாப் பேச்சில் சொன்னார்: "வண்டை முதலில் போகச் சொல்லிவிட்டு, அப்புறம் அரைத்தால் போச்சு, பயா." பொங்கிமாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். "கண்ணில் பட்ட ஒன்றுகூடக் கல்லுக்குப் போகாது. அது என் பொறுப்பு."

இந்தக் கதையை அப்பா வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், பெரிய பொங்கி கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் ஒரு சொல்கூட மாறாது. வாக்குக் கொடுத்தார், மில் ஓட ஆரம்பித்தது, ரயில்வே வேலையை விட்டுவிட்டு அப்பா அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த வாக்கு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். மற்ற மில்லில் தானியத்தைக் கொண்டுபோனால் தொட்டியில் கொட்டி அரைத்துக் கொடுப்பார்கள். எங்கள் மில்லில் அந்தப் பேச்சே கிடையாது. கோதுமையோ பச்சரிசியோ கொண்டைக்கடலையோ, முதலில் முற்றத்துப் பாயில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். வெயில் ஏற ஏற வண்டுகள் சூடு பொறுக்காமல் பாயின் ஓரத்துக்கு நடந்து வரும். மாமரத்தடியில் ஒரு மூலையில் தவிட்டைக் குவித்து வைத்திருப்பார் அப்பா. ஓரத்துக்கு வந்த வண்டுகளை மெல்லிய துடைப்பத்தால், குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில், அந்தத் தவிட்டுக்குத் தள்ளுவார். பிறகு தானியத்தைக் கைகளால் அளைந்து பார்ப்பார். பிறகு சல்லடை. பிறகு மறுபடியும் கை. அவர் "ம்" என்றால்தான் மூட்டை உள்ளே போகும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? என்ஜின் அறையின் சூட்டில் தரையில் பரப்புவோம். வேலை இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். நம் தமிழ்ப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார்கள்.

"எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குக்கூட நாங்க இவ்வளவு பண்றதில்ல அண்ணே. வண்டுக்குத் தாம்பூலமும் குடுத்து அனுப்புங்க" என்பார்கள்.

"வேற மில்லு இருக்கே, போறது!" என்பார் அப்பா.

போவார்கள். அடுத்த மாதம் திரும்பி வந்துவிடுவார்கள். மாவு நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த இரண்டு மணி நேரம். வேறெங்கே பெண்களுக்கு இரண்டு மணி நேரம் கேள்வி முறை இல்லாமல் உட்கார இடம் கிடைக்கும்? "மில்லுக்குப் போயிட்டு வர்றேன், வண்டு போக நேரமாகும்" என்றால் எந்த மாமியாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மரத்தடியில் உட்கார்ந்து லபே தோக்கு, அதுதான் அந்தத் தேயிலைக் கலவை, ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்துக்கொண்டால் ஊர் வம்பு முழுவதும் வந்து சேரும். தமிழச்சியும் பர்மாக்காரியும் சேர்ந்து உட்காருவார்கள். பேச்சு பாதி தமிழ், பாதி பர்மா. என் கல்யாணம்கூட அங்கே பேசி முடித்ததுதான். எங்கள் வீட்டுக்காரரின் அம்மா உளுந்து அரைக்க வந்தவர், உளுந்தில் வண்டு அதிகமாக இருந்ததால் என்னை நன்றாகப் பார்க்க அவகாசம் கிடைத்தது.

அப்பாவை ஏதோ முனிவர் என்று நினைத்துவிட வேண்டாம். மில்லில்தான் அந்தப் பக்குவமெல்லாம். வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. கொசுவை அடிக்கிற அடியில் சுவர் அதிரும். அம்மா கேட்பாள், "இதுக்கு மட்டும் உசுரு இல்லையாக்கும்?" அப்பா நிதானமாகச் சொல்வார், "கொசுவுக்கு நான் வாக்குக் குடுக்கல." அம்மா சிரித்துவிடுவாள்.

காலம் போனது. டீசல் என்ஜின் போய் மோட்டார் வந்தது. பெரிய பொங்கி காலமாகி, அடுத்தவர் வந்து, அவரும் போய், இப்போதிருப்பவர் வந்தார். அம்மா போனாள். மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பி மலேசியாவுக்குப் போனான். நான் அதுவரை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்குப் பார்த்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தேன். தம்பி போனதும் வேலையை விட்டுவிட்டு மில்லுக்கு வந்தேன். எனக்கு மோட்டார், அப்பாவுக்குப் பாய். பாயை அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். என்னைத் துடைப்பத்தைத் தொடக்கூட விடமாட்டார். "உனக்குப் பொறுமை பத்தாது" என்பார். உண்மைதான், பத்தாது.

அதற்குள் கரண்டும் பெரிய மனுஷனாகிவிட்டது. நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒரு நாள் காலை முறை என்றால் மறுநாள் மதியம் முறை. எங்கள் பேச்சில் கரண்டுக்கு மீ என்று பெயர். வந்தால் தெரு முழுக்க ஒரே குரல் கேட்கும்: "மீ லாபீ!" கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அரிசிப் பானையை வைக்கிறவர்கள், போனுக்குச் சார்ஜ் போடுகிறவர்கள், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஓடுவார்கள். நான் மில்லுக்கு ஓடுவேன்.

அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தே நடந்தது. சுற்றுப்புறம் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, உள்நரம்பு போய்விட்டது, ஆபரேஷன் செய்து பயனில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அப்பா சொன்னார், "என் கண்ணு மூஞ்சியிலயா இருக்கு? வெரல்லயில்ல இருக்கு." அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். நம்பவும் செய்தேன். கொஞ்ச நாளில் பார்வை முழுதும் போன பிறகும் அவர் விரலை நம்பியே பாயில் உட்கார்ந்தார்.

அரிசி வண்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தொட்டால் அது காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். விரலுக்கு அது ஒரு மணி கோதுமைதான், கொஞ்சம் சின்ன மணி. அத்தனை வருஷம் தானியம் அளைந்து காய்த்துப் போன விரலுக்கு அந்த வித்தியாசமும் தெரியாது.

ஒரு நாள் தெருமுனையில் தோசைக் கடை போடுகிற அம்மா, முதல்நாள் அரைத்துப் போன கோதுமை மாவை டப்பாவோடு கொண்டுவந்தாள். என்னை மட்டும் ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு மூடியைத் திறந்தாள். வெள்ளை மாவில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள். இறக்கையும் காலும்.

"நான் சலிச்சுக்குவேன் அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்குவாரா? அதான் உங்ககிட்ட மட்டும் காட்டுறேன்."

பொங்கியிடம் சொன்னால் அவர் அப்பாவை ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். "போதும் ஊலே, ஓய்வெடுங்கள்" என்பார். ஊலே என்றால் மாமா. அந்த அன்பான ஒரு வார்த்தையில் அப்பா பாயை விட்டு எழுந்துவிடுவார். பாயை விட்டு எழுந்த அப்பா எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தெரியும். கண் போனதை அவர் தாங்கிக்கொண்டார். வாக்குத் தவறியதைத் தாங்க மாட்டார்.

அதனால் நான் திருட்டு வேலை ஆரம்பித்தேன். அப்பா காலையில் உட்கார்ந்து பார்த்து, "ம்" சொல்லி, மூட்டைகளைக் கட்டி வைப்பார். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுப்பார். அவர் படுத்ததும் நான் மூட்டைகளை ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய் அவிழ்த்து, மறுபடி பரப்பி, மறுபடி சலித்து, தவிட்டு மூலைக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, அவர் போட்ட மாதிரியே முடிச்சுப் போட்டு வைப்பேன். காலை முறைக் கரண்ட் என்றால், பார்த்த மூட்டையை அவர் மறுநாளைக்கென்று ஒதுக்கிவைக்கும்படி ஏதாவது சாக்குச் சொல்வேன். பெல்ட் சரியில்லை, கல் கொத்த வேண்டும், வாயில் வந்ததெல்லாம். பொறுமை பத்தாது என்று சொன்ன மனுஷருக்காகத்தான் அத்தனை பொறுமை.

மரத்தடியில் உட்காருகிற பெண்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் கண்ணெதிரில்தானே மூட்டையைப் பின்னால் இழுத்துப்போகிறேன்! ஊரிலுள்ள எல்லார் வீட்டு விஷயத்தையும் அலசுகிறவர்கள், இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம்.

போன கோடையில் ஒரு நாள். மதியம்தான் கரண்ட் முறை. காலை ஒன்பது மணி இருக்கும். அப்பா பாயில் உட்கார்ந்து தோசைக்கடை அம்மாவின் கோதுமையைப் பார்த்து முடித்து, "ம்" என்றார். அந்த நேரம் பார்த்து, முறை இல்லாத முறையாக, தெருவெல்லாம் கத்தியது: "மீ லாபீ!"

எப்போது போகுமோ யாருக்குத் தெரியும்? ஏழெட்டுப் பேர் கூடையும் வாளியுமாக ஓடி வந்துவிட்டார்கள். அப்பாவுக்கே உற்சாகம் தாங்கவில்லை.

"என்னத்தா நிக்கிற? பாத்த மூட்டை இருக்குல்ல, கொட்டு!"

யாரோ மூட்டையைத் தூக்கி வந்து தொட்டியில் கொட்டியும்விட்டார்கள். நான் மோட்டாரைப் போட்டேன். கல் சுற்ற ஆரம்பித்தது. தொட்டிக்கு அடியில் ஒரு தகடு இருக்கும், அதை இழுத்தால் தானியம் கல்லுக்குள் இறங்கும். தகட்டில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தொட்டியின் தகரச் சுவரில் ஒரு வண்டு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை.

இழுத்தால் அப்பாவின் வாக்கு என் கையால் போகும். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. நிறுத்தி, வண்டு இருக்கிறது என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் அப்பா போவார். பெல்ட், கல் என்று எந்தச் சாக்கும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் கத்தினேன்.

"மீ போச்சுப்பா!"

ஷெட்டுக்குள் என் தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்களும் பல்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

பிறகு தோசைக்கடை அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அடப் பாவி மீ! இப்பத்தான வந்துச்சு, அதுக்குள்ள போயிருச்சே!"

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் இன்னொருத்தி.

கடலை கொண்டுவந்திருந்த பர்மாக் கிழவி தொடையில் அடித்துக்கொண்டு கரண்ட் ஆபீஸை பர்மாவில் வாய் நிறையத் திட்டினாள். பல்பு வெளிச்சம் அவள் மூக்குக் கண்ணாடியில் பளபளத்தது. எனக்கு அந்தப் பெண்கள் ஒவ்வொருவரின் காலிலும் விழ வேண்டும் போல் இருந்தது. யாரும் சொல்லாமலேயே, மதியம் வருகிறோம் என்று கூடைகளை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

முற்றம் காலியானது. மில் சத்தம் நின்றதும்தான் மற்ற சத்தங்கள் கேட்டன. பக்கத்து மாடிக் கட்டடத்தில் தண்ணீர்ப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கட்டடத்திலும் ஓடியது. எதிர்வீட்டில் டிவி பேசியது. தெரு முழுக்க மின்சாரம் இருந்தது, எங்கள் மில்லைத் தவிர. அப்பாவுக்குக் கண்தான் போயிருந்தது. காது நன்றாகவே கேட்கும்.

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"அந்தக் கோதுமைய இங்க கொண்டா."

தொட்டியிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் அவர் முன்னால் பாயில் பரப்பினேன். இரண்டு கைகளையும் அதில் வைத்தார். அளையவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா?"

"இருக்குப்பா."

"நெறயவா?"

பாயின் ஓரத்துக்கு வந்தவற்றைத் துடைப்பத்தால் தவிட்டுப் பக்கம் தள்ளினேன்.

"எத்தன நாளா நீ பாக்குற?"

"ரெண்டு வருசமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தனக்குள் கேட்டுக்கொள்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"நீ பாக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னால போனதெல்லாம்?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இரண்டு வருஷமாக நான் அப்பாவைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வண்டுகளைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

"அப்பல்லாம் உங்க கண்ணு நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு" என்றேன். இந்தத் தடவை என்னோடு சேர்ந்து பொய் சொல்ல முற்றத்தில் யாரும் இல்லை.

அப்பா கோதுமையிலிருந்து கைகளை மெதுவாக, அசைவு தெரியாமல் எடுத்தார். விரல்மேல் ஏறியிருந்த ஒரு வண்டு இறங்கிப் போகட்டும் என்று கையைத் தரையில் வைத்துக் காத்திருந்தார். அது இறங்கிப் போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த ஐந்து மாதமும் அவர் அந்தக் கைகளைத் தானியத்தில் வைக்கவே இல்லை.